அடுக்குச் சக்கரத்தின் ஏற்றமும் இறக்கமும்

நுழையும்முன்

உயரமான வண்டியொன்றில் கலைஞர் ஒருவர் அரங்கினுள் வரும்போது, காண்போர் அவ்வுயரத்தைக் கண்டு வியக்கின்றனர். அவர் அங்கே எவ்வாறு ஏறினார், எவ்வாறு கீழே இறங்குவார் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. சக்கரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வண்டியின் அமைப்பையும், அதனை ஓட்டும் முறையையும், அதில் ஏறி இறங்கும் பயிற்சியையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒற்றைச் சக்கர வண்டி

மிதிவண்டி என்றவுடன் இரண்டு சக்கரங்களே நினைவிற்கு வரும். ஒரே சக்கரத்தில் ஓடும் வண்டியும் உண்டு. அதன் உறுப்புகள் மிகச் சில. ஒரு சக்கரம்; அதன் அச்சின் இருபுறமும் பெடல் எனப்படும் மிதிகட்டைகள்; சக்கரத்தைக் கவ்வி நிற்கும் கவை போன்ற சட்டகம்; சட்டகத்தின் உச்சியில் ஓர் இருக்கை. பிடித்துத் திருப்புவதற்குக் கைப்பிடி இல்லை. விழாமல் தாங்குவதற்கு வேறு சக்கரமும் இல்லை.

இவ்வண்டியின் தோற்றத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு தொடர்புபடுத்துவர். 1870-களில் இங்கிலாந்தில் முன்சக்கரம் மிகப் பெரியதாகவும் பின்சக்கரம் மிகச் சிறியதாகவும் அமைந்த மிதிவண்டிகள் பரவின. அந்நாட்டின் பெரிய காசையும் சிறிய காசையும் அடுத்தடுத்து வைத்தாற்போல் தோன்றியமையால், அவ்வண்டி 'பென்னி ஃபார்திங்' என்று பெயர் பெற்றது. மிதிகட்டைகள் பெரிய முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. வேகத்தைத் திடீரெனக் குறைத்தால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். அந்நேரத்தில் ஓட்டுநர் உண்மையில் ஒரே சக்கரத்தின்மேல் அமர்ந்திருப்பார். இந்நிலையிலிருந்தே ஒற்றைச் சக்கர வண்டி பிறந்திருக்கலாம் என்பது பலரின் கருத்து.

அப்பழைய வண்டியின் ஓர் இயல்பு ஒற்றைச் சக்கர வண்டியிலும் நிலைத்துவிட்டது. இன்றைய மிதிவண்டியில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் சிறிது தொலைவு ஓடிக்கொண்டே இருக்கும். ஒற்றைச் சக்கர வண்டியில் அவ்வாறு நிகழாது. மிதிகட்டை அச்சோடு நேரடியாக இணைந்திருப்பதால், சக்கரம் சுழலும்வரை கால்களும் சுழல வேண்டும். கால்கள் நின்றால் சக்கரமும் நின்றுவிடும். முன்னோக்கி மிதித்தால் வண்டி முன்னே செல்லும். பின்னோக்கி மிதித்தால் பின்னே செல்லும்.

சமநிலை என்னும் இடைவிடாத திருத்தம்

நீண்ட கோலொன்றை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தவர்கள் ஓர் உண்மையை உணர்ந்திருப்பர். கையை அசைக்காமல் வைத்திருந்தால் கோல் விழுந்துவிடும். கோல் எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமாகக் கையை நகர்த்தினால், கோலின் அடி அதன் உச்சிக்குக் கீழே மீண்டும் வந்து சேரும், கோல் நிமிரும். ஒற்றைச் சக்கர வண்டியும் இவ்வாறே நிற்கிறது. ஓட்டுநரின் உடல் கோல் என்றால், சக்கரம் அதனைத் தாங்கும் கை ஆகும்.

உடல் முன்னே சாய்ந்தால் ஓட்டுநர் விரைந்து மிதிப்பார். சக்கரம் முன்னே ஓடி உடலுக்குக் கீழே வந்துவிடும். உடல் பின்னே சாய்ந்தால் மிதிப்பதைத் தளர்த்துவார் அல்லது பின்னோக்கி மிதிப்பார். இடப்புறமோ வலப்புறமோ சாய்ந்தால், இடுப்பைத் திருகிச் சக்கரத்தை அப்பக்கமாகத் திருப்புவார். இத்திருத்தங்கள் ஒரு நொடியும் ஓய்வதில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அசையாமல் இருப்பதுபோல் தோன்றும் தேர்ந்த கலைஞரும் இடைவிடாமல் சிறுசிறு திருத்தங்களைச் செய்துகொண்டே இருக்கிறார். பயிற்சி மிகுந்தவரின் திருத்தங்கள் சிறியவை. அதனால் அவை கண்ணுக்குத் தெரிவதில்லை.

சக்கரத்தின்மேல் சக்கரம்

ஒற்றைச் சக்கர வண்டியைக் கற்றுத் தேர்ந்த கலைஞர்கள், காண்போரைக் கவர்வதற்காக அதன் உயரத்தைக் கூட்டினர். அதற்கு இரண்டு வழிகள் உள்ளன. சட்டகத்தை நீட்டி, மேலே உள்ள மிதிகட்டைகளையும் கீழே உள்ள சக்கரத்தையும் சங்கிலியால் இணைப்பது ஒரு வழி. கழுத்து நீண்ட தோற்றத்தால் இவ்வகை வண்டியை 'ஒட்டகச்சிவிங்கி' என்று அழைப்பர். சங்கிலியே இல்லாமல், சக்கரங்களையே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது மற்றொரு வழி. இதுவே அடுக்குச் சக்கர வண்டி.

அடுக்குச் சக்கர வண்டியில் மிதிகட்டைகள் எல்லாவற்றுக்கும் மேலே உள்ள சக்கரத்தில் மட்டுமே இருக்கும். அச்சக்கரத்தின் டயர் தனக்குக் கீழே உள்ள சக்கரத்தின் டயரை அழுத்திக்கொண்டிருக்கும். மேற்சக்கரம் சுழலும்போது, இரு டயர்களுக்கும் இடையே உள்ள உராய்வினால் கீழ்ச்சக்கரமும் சுழலும். மூன்று சக்கரங்கள் இருப்பின், நடுச்சக்கரம் அவ்வியக்கத்தைத் தரையில் உள்ள சக்கரத்திற்குக் கடத்தும். சக்கரங்கள் ஒரே நேர்கோட்டில் நிற்குமாறு நீண்ட சட்டகம் அவற்றின் அச்சுகளைப் பிடித்திருக்கும்.

இவ்வமைப்பு முழுவதும் உராய்வை நம்பியே இயங்குகிறது. டயர்கள் நனைந்தாலும், அவற்றில் எண்ணெய் பட்டாலும், சக்கரங்களுக்கு இடையே உள்ள பிடி தளர்ந்துவிடும். மேற்சக்கரம் சுழல, கீழ்ச்சக்கரம் வழுக்கி நிற்கும். அந்நிலையில் ஓட்டுநர் செய்யும் திருத்தம் தரையைச் சென்று சேராது. ஆதலால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னர் டயர்களைத் துடைத்து, காற்றின் அளவையும் அச்சுகளின் திருகுகளையும் சரிபார்ப்பது கலைஞரின் கடமை ஆகும்.

ஒற்றைப்படையும் இரட்டைப்படையும்

கரும்புச்சாறு பிழியும் எந்திரத்தை இந்தியாவின் பல நகரங்களில் காணலாம். அதில் கரும்பைக் கவ்வி இழுக்கும் இரண்டு உருளைகள் எதிரெதிர்த் திசைகளில் சுழல்கின்றன. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சுழலும் எந்த இரண்டு சக்கரங்களுக்கும் இதுவே விதி. ஒன்று வலஞ்சுழியாகச் சுழன்றால் மற்றொன்று இடஞ்சுழியாகவே சுழலும்.

இவ்விதி அடுக்குச் சக்கர வண்டியில் வியப்பான விளைவை உண்டாக்குகிறது. இரண்டு சக்கரங்கள் உள்ள வண்டியில் மேற்சக்கரத்தை முன்னோக்கி மிதித்தால், கீழ்ச்சக்கரம் எதிர்த்திசையில் சுழலும். வண்டி பின்னே செல்லும். முன்னே செல்ல வேண்டுமாயின் பின்னோக்கி மிதிக்க வேண்டும். மூன்றாவது சக்கரம் ஒன்றைச் சேர்த்தால், திசை இருமுறை மாறி முதல் நிலைக்கே திரும்பிவிடும். அப்போது முன்னோக்கி மிதித்தால் வண்டி முன்னேயே செல்லும்.

சக்கரங்களின் எண்ணிக்கை ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படையாக இருப்பின், வண்டி மிதிக்கும் திசையிலேயே ஓடும். இரண்டு, நான்கு என இரட்டைப்படையாக இருப்பின், எதிர்த்திசையில் ஓடும். கணக்கு வகுப்பில் கற்ற ஒற்றைப்படையும் இரட்டைப்படையும் இங்கே ஒருவரை விழாமல் காக்கும் அறிவாக மாறிவிடுகின்றன.

உயரமான சங்கிலி வண்டிக்கு இச்சிக்கல் இல்லை. சங்கிலியால் பிணைக்கப்பட்ட மேற்பற்சக்கரமும் கீழ்ப்பற்சக்கரமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. சங்கிலி இரண்டையும் ஒரே திசையில் இழுத்துச் செல்லும். எனவே சங்கிலி வண்டி எவ்வளவு உயர்ந்தாலும் முன்னோக்கி மிதித்தால் முன்னேயே செல்லும்.

தெரிந்து தெளிவோம்

40 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூன்று சக்கரங்களை அடுக்கினால், அடுக்கின் உயரம் 120 சென்டிமீட்டர் ஆகும். மேற்சக்கரம் ஒருமுறை சுழலும்போது அதன் சுற்றளவான ஏறக்குறைய 126 சென்டிமீட்டர் நீளம் கீழ்ச்சக்கரத்தின்மேல் உருண்டு செல்லும். டயர்கள் வழுக்காத வரையில் வண்டியும் தரையில் அதே 126 சென்டிமீட்டர் தொலைவு நகரும். நடுச்சக்கரமும் கீழ்ச்சக்கரமும் பெரியனவாயினும் சிறியனவாயினும் இத்தொலைவு மாறாது. சிறிய சக்கரம் கூடுதலாகச் சுழன்று ஈடு செய்துவிடும்.

பழகிய கால்களின் பிழை

இரட்டைச் சக்கர அடுக்கைப் புதிதாக ஓட்டுபவருக்கு எதிராக நிற்பது அவருடைய பழக்கமே. ஒற்றைச் சக்கர வண்டியை நெடுங்காலம் ஓட்டியவரின் கால்கள் எண்ணிப் பார்த்து இயங்குவதில்லை. உடல் முன்னே சாய்ந்த மறுகணமே அவை விரைந்து முன்னோக்கி மிதிக்கும். ஒற்றைச் சக்கரத்தில் அவரைக் காத்த அதே செயல், இரட்டைச் சக்கர அடுக்கில் வண்டியைப் பின்னே தள்ளிவிடும். முன்னே சாயும் உடலுக்குக் கீழிருந்து வண்டி பின்னே விலகினால், வீழ்ச்சி இன்னும் விரைவாகும். காக்க வேண்டிய திருத்தமே கவிழ்த்துவிடும்.

இருக்கையைத் திருப்பிப் போட்டு அமர்ந்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு தீராது. ஓட்டுநர் எப்பக்கம் பார்த்து அமர்ந்தாலும், அவர் முன்னோக்கி மிதிக்கும்போது வண்டி அவருடைய முதுகுப்பக்கமாகவே செல்லும். வண்டியின் இயல்பு மாறாதபோது, கால்களின் பழக்கமே மாற வேண்டும்.

இதனால் இரட்டைச் சக்கர அடுக்கைக் கற்பவர் தம் திறமையை மீண்டும் தொடக்கத்திலிருந்தே கட்டியெழுப்புகிறார். சுவரையோ கம்பியையோ ஒரு கையால் பற்றிக்கொண்டு, வண்டியை ஒரு சுற்று முன்னும் ஒரு சுற்றுப் பின்னும் நகர்த்துவார். சாயும் பக்கத்திற்கும் மிதிக்கும் திசைக்கும் உள்ள புதிய உறவு கால்களில் பதியும் வரையில் இப்பயிற்சி தொடரும். பழைய பழக்கத்தை அவர் மறந்துவிடுவதில்லை. ஒற்றைச் சக்கர வண்டிக்குத் திரும்பும்போது அது வேண்டியிருக்கும். எவ்வண்டியில் அமர்ந்திருக்கிறோம் என்பதை உடல் உணர்ந்து, அதற்குரிய பழக்கத்தைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொள்கிறது. இரண்டு மொழிகளில் பேசும் குழந்தை, எதிரில் நிற்பவரைக் கண்டவுடன் உரிய மொழிக்கு மாறிக்கொள்வதைப் போன்றது இது.

ஏறும் முறை

ஒற்றைச் சக்கர வண்டியில் ஏறுபவர், இருக்கையைக் கால்களுக்கு இடையே வைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னே நிற்பார். தம் பக்கமாகத் தாழ்ந்திருக்கும் மிதிகட்டையில் ஒரு காலை வைத்து எழுவார். அம்மிதிகட்டையில் எடை இறங்கியதும் சக்கரம் சிறிது பின்னே உருண்டு அவருடைய உடலுக்குக் கீழே வந்து நிற்கும். மற்றொரு காலையும் வைத்து அவர் ஓட்டத் தொடங்குவார்.

இரட்டைச் சக்கர அடுக்கில் இம்முறை ஏமாற்றிவிடும். தம் பக்கம் உள்ள மிதிகட்டையில் எடையை வைத்தவுடன் மேற்சக்கரம் பின்னோக்கிச் சுழலும். தரையில் உள்ள சக்கரமோ முன்னோக்கி ஓடும். வண்டி முன்னே போய்விட, ஏற முயன்றவர் பின்னே விழுவார். எனவே மிதிகட்டையை நேர்கீழாக நிறுத்திய பின்னரே அதில் காலை வைக்க வேண்டும். நேர்கீழே நிற்கும் மிதிகட்டையின்மேல் இறங்கும் எடை அச்சை நோக்கி நேராகச் செல்வதால், சக்கரம் எத்திசையிலும் சுழலாது.

மூன்று சக்கர அடுக்கில் திசைச் சிக்கல் இல்லை. ஆனால் உயரம் தடையாகிறது. முன்னர்க் கண்ட 40 சென்டிமீட்டர் சக்கரங்களை எடுத்துக்கொண்டால், மேற்சக்கரத்தின் அச்சே தரையிலிருந்து 100 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கால்களை நீட்டி மிதிப்பதற்கும் இடம் வேண்டும். ஆகவே வளர்ந்தவர் ஒருவர் ஓட்டும் வண்டியின் இருக்கை 160 சென்டிமீட்டரையும் தாண்டி நிற்கும். தரையில் நின்றபடி அவ்விருக்கையில் அமர இயலாது. இடையில் உள்ள சக்கரங்களைப் படிகளாகக் கொண்டு ஏறலாம் என்று தோன்றலாம். ஆனால் டயரில் கால் வைத்ததும் அது சுழலத் தொடங்கும், படியே நழுவிவிடும்.

எனவே தொடக்கநிலையில் மூன்று துணைகளுள் ஒன்றை நாடுவர். முதலாவது, அசையாத சுவர் அல்லது தூண். வண்டியை அதன்மேல் சாய்த்து, பக்கத்தில் உள்ள திண்ணையிலோ மேடையிலோ ஏறி நின்று இருக்கையில் அமர்வர். இரண்டாவது, ஏணி. மற்றவர்கள் ஏணியை உறுதியாகப் பற்றியிருக்க, அதன் வழியே ஏறி வண்டிக்கு மாறுவர். மூன்றாவது, உடன் நிற்கும் மனிதர். அவர் சட்டகத்தைக் கைகளால் பிடித்து, தரையில் உள்ள சக்கரம் உருளாதவாறு தம் பாதத்தால் தடுத்து நிற்பார். ஏறுபவர் நிலைகொண்டு "விடுக" என்று சொன்ன பின்னரே கையை எடுப்பார். அவர் ஒரு நொடி முந்திக் கையை எடுத்தாலும், சொல்லாமல் எடுத்தாலும் மேலே இருப்பவர் விழ நேரும். அரங்கில் கைதட்டல் ஒருவருக்கே கிடைத்தாலும், ஏற்றம் இருவரின் செயல் ஆகும்.

தேர்ச்சி பெற்றவர்கள் துணையின்றி ஏறுவதும் உண்டு. வண்டியை முன்னே நிறுத்தி, ஒரு பாதத்தைச் சட்டகத்திற்கும் டயருக்கும் இடையே அழுத்திச் சக்கரத்தைப் பூட்டியதுபோல் நிறுத்துவர். அக்காலின் மேல் எழுந்து, மற்றொரு காலால் மிதிகட்டையை எட்டிப் பிடித்து, இருக்கையில் அமர்வர். இம்முறையைச் சங்கிலி வண்டியில் மிகுதியாகக் காணலாம். ஏறும் நேரம் முழுவதும் வண்டி சாய்ந்துகொண்டே இருக்கும். அது விழுந்துவிடுவதற்குள் ஓட்டுநர் அமர்ந்து மிதிக்கத் தொடங்கிவிட வேண்டும்.

இறங்கக் கற்றலே முதற்பாடம்

உயர்ந்த வண்டி தாழ்ந்த வண்டியைவிட விரைவில் கவிழும் என்று பலர் நினைப்பர். உண்மை வேறு. உள்ளங்கையில் பென்சிலை நிறுத்துவதைவிட நீண்ட கோலை நிறுத்துவது எளிது. நீண்ட பொருள் மெதுவாகச் சாய்வதால், திருத்துவதற்கு நேரம் கிடைக்கும். அதுபோலவே உயரமான வண்டியும் சற்று மெதுவாகவே சாயும். ஆனால் திருத்தம் தவறினால் விழும் தொலைவு மிகுதி.

அளவுகளைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்ளலாம். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒற்றைச் சக்கர வண்டியில் கீழ்நிலையில் உள்ள மிதிகட்டைக்கும் தரைக்கும் இடையே பத்து சென்டிமீட்டர்கூட இராது. தடுமாறினால் காலை ஊன்றி நின்றுவிடலாம். அதே அளவுள்ள மூன்று சக்கரங்களின் அடுக்கில் அந்த மிதிகட்டை ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து குதிப்பது உணவு மேசையைவிடச் சற்று உயரமான இடத்திலிருந்து குதிப்பதற்கு ஒப்பாகும். பாதம் தரையைத் தொடும்போது உடலின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர் இருக்கும்.

அவ்வேகத்தை எலும்புகள் தாங்கக் கூடாது. முழங்கால்கள் மடங்கித் தாங்க வேண்டும். இதனாலேயே நல்ல பயிற்சியாளர்கள் ஓட்டக் கற்பிப்பதற்கு முன்னர் இறங்கக் கற்பிக்கின்றனர். இறங்குபவர் முன்பக்கமாகவே இறங்க வேண்டும். மிதிகட்டைகளை விட்டு இரு கால்களையும் ஒருசேர எடுத்து, வண்டியைப் பின்னே விட்டு, முன்னே இறங்கி, முழங்கால்களை மடக்கி நிற்க வேண்டும். ஒரு கை பின்னே சென்று இருக்கையைப் பற்றிக்கொண்டால் வண்டியும் விழாது. பின்பக்கமாக விழுவது மிகவும் இடர் தரும். அப்போது தரை கண்ணுக்குத் தெரியாது. தலையும் முதுகும் முதலில் அடிபட நேரும். கைகளை ஊன்றித் தப்ப முயல்வோரின் மணிக்கட்டு முறிவதும் உண்டு. தலைக்கவசமும், மணிக்கட்டுக்கும் முழங்காலுக்கும் உரிய காப்புகளும் இப்பயிற்சியில் இன்றியமையாதவை.

இறக்கத்தைக் கற்றவருக்கு ஏற்றத்தில் அச்சம் குறைகிறது. அச்சம் குறைந்தால் உடல் இறுகாது. இறுகாத உடலே சிறிய திருத்தங்களைச் செய்ய வல்லது. ஆதலால் இறங்கும் பயிற்சி பாதுகாப்பிற்கு மட்டுமன்றி, நன்றாக ஓட்டுவதற்கும் அடிப்படை ஆகிறது.

அரங்கில் இக்கலை

ஒற்றைச் சக்கர வண்டி விளையாட்டாகவும் கலையாகவும் உலகின் பல நாடுகளில் வளர்ந்துள்ளது. அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டு இதற்கென ஒரு சங்கம் தோன்றியது. பன்னாட்டுக் கூட்டமைப்பு 1982-இல் நிறுவப்பட்டது. 'யூனிகான்' என்னும் உலகப் போட்டி 1984-இல் அமெரிக்காவின் சிரகியூஸ் நகரில் முதன்முதலாக நடைபெற்றது. இப்போட்டிகளில் ஓட்டப் பந்தயங்களோடு, இசைக்கேற்ப வண்டியோட்டும் கலைப்பிரிவும் உண்டு. ஜப்பானில் தொடக்கப் பள்ளிகளின் விளையாட்டுத் திடல்களில் ஒற்றைச் சக்கர வண்டிகள் வைக்கப்பட்டுள்ளன. அங்குள்ள குழந்தைகள் இடைவேளையில் அவற்றை ஓட்டி மகிழ்கின்றனர்.

உயரத்தில் சாதனை புரிந்தவர்களும் உளர். 2004-ஆம் ஆண்டு செம் ஆபிரகாம்ஸ் என்பவர் அமெரிக்காவின் பான்டியாக் நகரில் 35 மீட்டர் உயரமுள்ள வண்டியை ஓட்டினார். அவர் கடந்த தொலைவு ஒன்பது மீட்டருக்கும் குறைவு. மேலிருந்து தொங்கிய பாதுகாப்புக் கம்பி அவரோடு இணைக்கப்பட்டிருந்தது. உலகச் சாதனை படைப்பவரும் விழக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டே மேலே ஏறினார் என்பதை அக்கம்பி உணர்த்துகிறது.

சீனாவில் பிறந்த ரோங் நியு, 'ரெட் பாண்டா' என்னும் மேடைப் பெயரால் அறியப்படுபவர். அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டங்களின் இடைவேளையில், ஆளுயரத்தைவிட உயர்ந்த சங்கிலி வண்டியில் அமர்ந்து, காலின்மேல் அடுக்கிய கிண்ணங்களை மேலே உதைத்துத் தலையில் ஏந்துவது அவருடைய கலை. பல்லாண்டுகள் இதனை நிகழ்த்தி வந்த அவர், 2025 ஜூலை 1 அன்று மினியாபொலிஸ் நகரில் நடந்த நிகழ்ச்சியில் தொடக்கத்திலேயே வண்டியிலிருந்து விழுந்தார். அவருடைய மணிக்கட்டு முறிந்தது. நெடுங்கால அனுபவமும் வீழ்ச்சியை முற்றிலும் நீக்கிவிடுவதில்லை என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

இந்தியாவில் இத்தகைய வித்தைகளுக்கு இடம் தந்தது சர்க்கஸ் அரங்கம். விஷ்ணுபந்த் சத்ரே 1880-இல் 'கிரேட் இந்தியன் சர்க்கஸ்' குழுவை அரங்கேற்றினார். கேரளத்தின் தலச்சேரியில் களரி ஆசிரியரான கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இந்தியச் சர்க்கஸின் தொட்டில் என்று தலச்சேரி புகழப்படுகிறது. சர்க்கஸ் கூடாரங்களில் மிதிவண்டி வித்தைகள் நெடுங்காலமாகக் குழந்தைகளை மகிழ்வித்து வருகின்றன.

அக்கூடாரங்களில் ஒரு காலத்தில் சிறுவர் சிறுமியரும் பணியாற்றினர். விழுந்தாலும் மறுநாள் மீண்டும் ஏற வேண்டிய நிலை அவர்களுக்கு இருந்தது. 2011-ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம், சர்க்கஸ்களில் குழந்தைகளைப் பணியமர்த்துவதைத் தடை செய்யுமாறு ஆணையிட்டது. இன்று வேண்டாம் என்று சொல்லி இறங்கிவிடும் உரிமை உள்ளவருக்கே ஏறுதல் விளையாட்டாகும். ஜப்பானியப் பள்ளித் திடலில் வண்டியோட்டும் குழந்தைக்கு அவ்வுரிமை உண்டு. கூலிக்காக ஏற்றப்பட்ட குழந்தைக்கு அது இல்லை.

நிறைவாக

அடுக்குச் சக்கர வண்டி மூன்று செய்திகளைத் தெளிவாக்குகிறது. சக்கரங்களின் எண்ணிக்கையை அறியாமல் மிதிப்பவர், முன்னே செல்ல விரும்பிப் பின்னே செல்வார். உடன் நிற்பவரின் துணையின்றி எளிதில் எவரும் உயரத்தை அடைவதில்லை. இறங்கும் வழியை அறிந்த பின்னரே ஏறத் தொடங்க வேண்டும். அரங்கில் கலைஞரைக் காணும்போது அவருடைய உயரத்தை மட்டும் நோக்காமல், சக்கரத்தைத் தடுத்து நிற்கும் பாதத்தையும், இறங்கும்போது மடங்கும் முழங்கால்களையும் நோக்கினால், அக்கலையின் அருமை முழுமையாக விளங்கும்.

சொல்லும் பொருளும்

கவை – இரண்டாகப் பிரிந்த கிளை போன்ற அமைப்பு
சட்டகம் – உறுப்புகளைத் தாங்கி நிற்கும் கட்டமைப்பு
உராய்வு – இரு பொருள்கள் உரசும்போது தோன்றும் தடை
வலஞ்சுழி – கடிகார முள் சுழலும் திசை
இடஞ்சுழி – கடிகார முள்ளுக்கு எதிரான திசை
இன்றியமையாத – இல்லாமல் முடியாத
இடர் – துன்பம், ஆபத்து

செய்து பார்க்க

விளிம்பில் நெளிவுகள் உள்ள மூன்று சோடாப் புட்டி மூடிகளைத் திரட்டுக. பெரியவர் ஒருவரின் உதவியுடன் அவற்றின் நடுவில் ஆணியால் துளையிட்டு, தடித்த அட்டையொன்றில் விளிம்புகள் ஒன்றோடொன்று தொடுமாறு வரிசையாகக் குத்திவைக்க. முதல் மூடியை வலஞ்சுழியாகச் சுழற்றுக. இரண்டாவது மூடியும் மூன்றாவது மூடியும் எத்திசைகளில் சுழல்கின்றன என்று குறிப்பேட்டில் எழுதுக. நான்காவது மூடியைச் சேர்த்தால் அது எத்திசையில் சுழலும் என்று முதலில் எழுதிவிட்டு, பின்னர்ச் செய்து பார்த்துச் சரிபார்க்க.

பயிற்சி

அ. குறுவினா
1. 'பென்னி ஃபார்திங்' என்னும் பெயர் எவ்வாறு தோன்றியது?
2. அடுக்குச் சக்கர வண்டியில் மிதிகட்டைகள் எச்சக்கரத்தில் பொருத்தப்பட்டிருக்கும்?
3. நான்கு சக்கர அடுக்கை முன்னே செலுத்த எத்திசையில் மிதிக்க வேண்டும்? ஏன்?

ஆ. சிறுவினா
1. ஒற்றைச் சக்கர வண்டியில் காக்கும் பழக்கம் இரட்டைச் சக்கர அடுக்கில் கவிழ்த்துவிடுவது ஏன்?
2. "ஏற்றம் இருவரின் செயல் ஆகும்" – இத்தொடரை விளக்குக.
3. பின்பக்கமாக விழுவது இடர் தருவது ஏன்?

இ. சிந்தனை வினா
நீவிர் கற்ற ஏதேனும் ஒரு திறனில், முதலில் 'இறங்கக்' கற்றது எது? நீச்சல், மரமேறுதல், மிதிவண்டி முதலியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து பத்து வரிகளில் எழுதுக.

ஈ. எதிர்ச்சொல் தருக
ஏற்றம், ஒற்றைப்படை, வலஞ்சுழி, தொடக்கம், துணையின்றி